வரி முடிகிற இடம்

முதலில் கைதட்டினவன் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே அவன் காதைத் திருகிக் கையில் கொடுத்திருப்பேன். இடது பக்கத் தூணருகிலிருந்து வந்தது சத்தம். முதலில் ஒரே ஒரு ஆள். பிறகு அவன் பக்கத்தில் இருந்தவர்கள். பிறகு வாசகசாலை மண்டபமே எழுந்து நின்று தட்டியது. நானோ மேடையில் ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு வாயைத் திறந்தபடி நிற்கிறேன். "ஐயோ, இருங்கப்பா, இன்னும் முடியலை" என்று மேடையில் நின்று கத்தவா முடியும்?

மே இருபத்துநாலு எங்கள் பல்கேரியாவில் எழுத்துக்களின் திருநாள். பிள்ளைகள் பூவால் கட்டிய எழுத்துக்களைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். சாயங்காலம் வாசகசாலையில் கவிதை. அந்த வருஷக் கவிதையை எழுதியது அங்கேயே நூலகராக இருந்த என் தம்பி லூபென். வாசித்தது நான், வெலிகா, ஊர் நாடகக் குழுவில் நடிக்கிறவள். அவன் கவிதையை அவனால் வாசிக்க முடியாது. பிறவித் திக்குவாய்.

எல்லாச் சொல்லும் அவனுக்குச் சிரமம்தான். ஆனால் 'நான்' என்ற சொல் மட்டும் வரவே வராது. பள்ளிக்கூடத்தில் "ஜன்னலை உடைச்சது யாருடா?" என்று வாத்தியார் கேட்பார். இவன் நேர்மையான பையன், எழுந்து நிற்பான். "ந... ந... ந..." என்று முகம் சிவக்க நிற்பான். வகுப்பே சிரிக்கும். வாத்தியாருக்குப் பொறுமை போய், பக்கத்தில் இருக்கிறவனுக்கு அடி விழும். அதோடு அந்தச் சொல்லையே தலைமுழுகிவிட்டான். பசித்தால் "லூ-லூபெனுக்குப் பசிக்குது" என்பான். கவிதையிலும் 'இந்த ஊர்', 'எல்லோரும்', 'ஒருவன்' என்று எழுதுவானே தவிர மருந்துக்குக்கூட ஒரு 'நான்' இருக்காது.

இதை எங்கள் பெரிய மனிதர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் தெரியுமா? "தனிமனித அகந்தையைத் துறந்த கவிஞர். இவர் வரிகளில் 'நான்' இல்லை, மக்களே இருக்கிறார்கள்" என்று பத்திரிகையில் எழுதினார் தோழர் தோச்செவ். அதை நான் சத்தமாக வாசித்துக் காட்டியபோது லூபென் சிரித்த சிரிப்பில் சூப் மூக்கில் ஏறிவிட்டது.

தோச்செவ் வேறு யாருமில்லை. ஜன்னலை உடைச்சது யாருடா என்று கேட்டாரே, அதே வாத்தியார்தான். இப்போது ஊர்க் கலாசாரக் குழுவின் தலைவர். அவரும் கவிதை எழுதுவார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு முற்றுப்புள்ளி, ஆணி அடித்த மாதிரி. படிக்கிறவன் அடுத்த வரிக்குத் தாண்டிப் போய்விடுவானோ என்று அவருக்குப் பயம் போல.

அன்று நான் வாசித்த கவிதை இதுதான்:

விழாவுக்கு மரங்களுக்கும் வெள்ளையடித்தாயிற்று.
ஆற்றுப் பாலத்தில் கொடிகள் பறக்கின்றன.
இந்த ஊரில் எல்லோருக்கும் பேசப் பயம்
என்று சொன்னவன் யார்? வந்து கேட்கட்டும்
எங்கள் பிள்ளைகள் பாடுவதை.

தாளில் பார்த்தால் பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கும். ஊரைப் பழித்தவனை வம்புக்கு இழுக்கிற கவிதை. தோச்செவ் இரண்டு தடவை படித்துவிட்டு அனுமதிக் கையெழுத்துப் போட்டார். மனிதர் வாக்கியமாகப் படித்தார், வரியாகப் படிக்கவில்லை.

ஒத்திகையில் லூபென் என்னை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிறுத்தினான்.

"வரி முடியுற எ-எடத்துல நில்லு அக்கா."

"அங்க புள்ளியே இல்லையேடா. வாக்கியம் ஓடிக்கிட்டு இருக்கு."

"வா-வாக்கியம் ஓடட்டும். வரி நிக்குதுல்ல? கு-குரலை இறக்காதே. மூச்சும் விடாதே. அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லு."

"எதுக்கு?"

"காது கே-கேட்டவரைக்கும் நம்பிடும். அப்புறம் அடுத்த வரி வந்து 'அட, அது அப்படி இல்லப்பா'ன்னு சொல்லும். சொன்னா என்ன? ந-நடுவுல நம்பினது நம்பினதுதானே."

"இது விளையாட்டு இல்லடா" என்றேன். அவன் தோளைக் குலுக்கினான். "ஒ-ஒரு மூச்சுதானே அக்கா." சரி, தம்பி எழுதினது, அவன் சொல்கிறபடி வாசிப்பதுதான் என் வேலை. மேடையில் அவன் சொன்ன அளவுக்குத்தான் நின்றேன். அந்த ஒரு மூச்சுக்குள்தான் தூணருகே இருந்தவன் கையைத் தட்டினான்.

கைதட்டல் ஓயவே இல்லை. என் எதிரே கசாப்புக் கடைக்காரர் அழுதுகொண்டே தட்டினார். நான் லூபெனைப் பார்த்தேன். அவன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். எங்கள் ஊரில் அதற்கு 'ஆமாம், சரி' என்று அர்த்தம். 'இல்லை' என்றால் மோவாயை மேலே வெட்டுவோம். சத்தம் அடங்கியதும் "என்று சொன்னவன் யார்" என்று தொடங்கினேன். அதற்குள் எல்லோரும் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். மீதிக் கவிதையை ஒருவரும் கேட்கவில்லை. முன்வரிசையில் மாஸ்கோவிலிருந்து வந்த விருந்தாளி மொழிபெயர்ப்பாளரிடம் என்னவோ கேட்டார். அவர் பக்கத்தில் தோச்செவ்வின் முகம் வெண்ணெய்க்கட்டி நிறத்துக்குப் போயிருந்தது.

செர்ரிப் பழம் வந்த வாரத்தில் தோச்செவ் எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் சமையலறையில் கொண்டை ஊசியால் செர்ரிக் கொட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். தொப்பியைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தார்.

"உன் தம்பி என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டானே வெலிகா!"

"கையெழுத்துப் போட்டது நீங்கதானே தோழர்?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்! மாவட்டத்துலேருந்து ஆள் வரார். அவர் வர்றதுக்குள்ள இதுல இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கான்னு எனக்குத் தெரியணும். ராத்திரி தூக்கம் இல்ல. வரிகளோட முதல் எழுத்தையெல்லாம் சேர்த்துப் படிச்சேன். 'விஆஇஎஎ'ன்னு வருது. அது எந்த மொழி?"

"கழுதைங்க பேசுற மொழி."

"சிரிக்காதே. கீழேருந்து மேல படிச்சா கடைசியில 'ஆவி'ன்னு முடியுதும்மா. யாரோட ஆவி?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மனிதர் உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

"ஆவியும் இல்ல, பேயும் இல்ல. அந்த ஒரு இடம்தான்" என்றேன்.

"அந்த ஒரு இடம் போதும்" என்று கிசுகிசுத்தார். "இங்க பாரு. அந்த இடத்துல கவிஞன் வேணும்னே வரியை வெட்டியிருந்தா அது எதிர்ப்புப் பிரசாரம். உன் தம்பியை டொப்ருஜாப் பக்கம் எங்கேயாவது கிராமத்துக்கு அனுப்பிடுவாங்க. நூலகம் கிடையாது, அச்சு கிடையாது, பன்றிப் பண்ணைதான். வாசிச்சவ இருமி, அதனால நின்னுட்டான்னு வச்சுக்க, அது வெறும் கவனக்குறைவு. உன்னை ஒரு வருஷம் மேடை ஏத்த மாட்டாங்க, துணி தைக்கிற அறையில உட்கார வைப்பாங்க. அவ்வளவுதான்."

"உங்க கையெழுத்தும் தப்பிச்சுடும்."

"தப்பிக்கட்டுமே! அது தப்பிச்சா உனக்கு என்ன வயித்தெரிச்சல்? மாஸ்கோக்காரர் வேற நமக்குச் சாதகமா எழுதிக் கொடுத்திருக்கார். 'நடிகை நின்றபோது கவிஞரே தலையை ஆட்டி மறுத்தார்'னு."

"ஐயோ, அது மறுப்பு இல்லையே! அவருக்கு நம்ம தலையாட்டல் தெரியாது."

"தெரியாம இருக்கிற வரைக்கும் நமக்கு நல்லது. நீ வாயைத் திறக்காதே. பத்திரிகையில அந்த ரெண்டு வரியையும் ஒட்டி ஒரே வரியா போட்டுடறேன். சொல் ஒண்ணுகூட மாறாது. கவிதைக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

ஒப்புக்கொண்டேன். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எனக்கென்றால் ஒரு வருஷம் மேடை இல்லை. அவனுக்கென்றால் ஊரே இல்லை. டொப்ருஜாவில் பன்றிகளுக்கு நடுவே 'லூ-லூபெனுக்குப் பசிக்குது' என்று சொன்னால் புரிந்துகொள்ள யார் இருக்கிறார்கள்?

லூபென் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவன் நின்றபடியே கேட்டான். கிண்ணத்திலிருந்து ஒரு செர்ரியை எடுத்தவன் வாயில் போடாமல் விரலில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"ஒ-ஒட்டக் கூடாது" என்றான்.

"அதே சொல்லுதானடா! ஒண்ணும் போகலை."

"சொல் போகலை. இ-இடம் போயிடும். அந்த இடத்தைத்தான் எழுதினது அக்கா. ம-மத்ததெல்லாம் அதைச் சுத்திச் சுவர்."

எனக்கு வந்ததே கோபம்! "சுவராம் சுவர்! காத்தை எழுதினியா நீ? காத்துக்காக ஊரை விட்டுப் போகப் போறியா? உன்னோட அந்த ஒண்ணுமில்லாத இடத்தை யாரு சாப்பிட முடியும், யாரு போர்த்திக்க முடியும்?" என்று கொண்டை ஊசியை மேசையில் எறிந்தேன். செர்ரிச் சாறு அவன் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

அவன் கோபப்படவில்லை. கோபத்தில் பேசினால் இன்னும் திக்கும் என்பதால் கோபப்படுவதையே விட்டவன் அவன். மெதுவாகச் சொன்னான். "ஊ-ஊர்ல எல்லாரும் அங்கதான் இருக்காங்க அக்கா. சொல்ல வாயெடுத்து நி-நிக்கிற இடத்துல. லூபென் மட்டும் இல்ல. லூபெனுக்கு வா-வாய் திக்குது. அவங்களுக்கு..." மீதியை அவன் முடிக்கவில்லை. சொல் வராமல் நின்றானா, வேண்டுமென்றே நின்றானா, எனக்குத் தெரியவில்லை. கசாப்புக் கடைக்காரரின் அழுத முகம் நினைவுக்கு வந்தது.

"அப்புறம், பழி உன் மேல வி-விழுது" என்றான்.

"என் மேல விழட்டும். நான் நடிகை, விழுந்து எழுந்து பழக்கம். நீ அங்க வந்து ஒண்ணுமே செய்ய வேணாம். வாயைத் திறக்கச் சொன்னா எப்பவும் போலத் திக்கு, அது போதும். சத்தியம் பண்ணு."

அவன் தலையை ஆட்டினான். இடமா வலமா மேலா என்று பார்க்கிறதுக்குள் குனிந்து சட்டையைத் துடைக்கத் தொடங்கிவிட்டான்.

விசாரணை வாசகசாலையின் மாடி அறையில் நடந்தது. மாவட்டத்திலிருந்து வந்தவர் ஒல்லியான, மரியாதையான மனிதர். எங்களை உட்காரச் சொல்லி லொக்கும் மிட்டாய்த் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. கத்துகிறவனைச் சமாளித்துவிடலாம்.

"அந்த இடத்துல ஏன் நின்னீங்க தோழர் வெலிகா?"

"இருமல் வந்துடுச்சு தோழர். மண்டபத்துல புறா எச்சம், தூசி. இருமலை அடக்கிக்கிட்டு நின்னேன். ஜனங்க முடிஞ்சதுன்னு நினைச்சுத் தட்டிட்டாங்க."

"இருமல் சரியா வரி முடியுற இடமாப் பார்த்து வந்திருக்கு."

"இருமலுக்கு யாப்பிலக்கணம் தெரியாது தோழர்."

அவர் சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார். தோச்செவ்வும் சேர்ந்து சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே. மாஸ்கோக்காரர் எழுதிக் கொடுத்ததையும் எடுத்து நீட்டினார். "பாருங்க தோழர், கவிஞரே தலையாட்டி மறுத்திருக்கார்." மாவட்டத்துக்காரர் அதைப் படித்துவிட்டு மோவாயைத் தடவினார். "நானும் பல்கேரியன்தான் தோழர் தோச்செவ்" என்றார் மெதுவாக. தோச்செவ்வின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு" என்றார் அவர். "கவிஞரே படிச்சுக் காட்டட்டும். எழுதினவர் எங்க நிக்கிறார்னு கேட்டா தெரிஞ்சுடுமே."

தோச்செவ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் உயிர் திரும்பி வந்தது. திக்குவாயன் படித்தால் எங்கே நிற்க மாட்டான்? சொல்லுக்குச் சொல் நிற்பான். அந்த ஒரு நிறுத்தம் ஆயிரம் நிறுத்தத்தில் தொலைந்துபோகும். "படிக்கட்டும், தாராளமா படிக்கட்டும்!" என்றார் தோச்செவ்.

கடவுளை நம்பக் கூடாத காலம் அது. ஆனாலும் மேசைக்கு அடியில் விரல்களைச் சேர்த்து வேண்டிக்கொண்டேன். இவன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் தடையில்லாமல் வராதா என்று சின்ன வயதிலிருந்து ஏங்கினவள் நான். அன்றைக்கு 'திக்கட்டும், திக்கட்டும், நன்றாகத் திக்கட்டும்' என்று வேண்டினேன். இப்படியும் ஒரு அக்கா வேண்டுவாளா? வேண்டினேன்.

லூபென் எழுந்து நின்றான். தாளைக் கையில் எடுத்தான்.

"வி-வி-விழாவுக்கு ம-மரங்களுக்கும் வெ-வெள்ளை... ய-யடித்தாயிற்று."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆ... ஆற்றுப் பா-பாலத்தில் கொ-கொ-கொடிகள் ப-பறக்கின்றன."

மாவட்டத்துக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தோச்செவ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன். லூபென் தாளைக் கீழே இறக்கினான். என்னைப் பார்த்தான்.

"இந்த ஊரில் எல்லோருக்கும் பேசப் பயம்."

ஒரு தடங்கல் இல்லை. ஆற்றுத் தண்ணீர் மாதிரி வந்தது. அந்தக் குரல் அவனுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டா இவ்வளவு வருஷம் ஒளித்து வைத்திருந்தான்? சொல்லிவிட்டு நின்றான். குரலை இறக்காமல், மூச்சை விடாமல், எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

கூரையில் புறா நடக்கிறது கேட்டது. மாவட்டத்துக்காரர் மெல்லப் பேனாவை எடுத்தார். 'படிச்சுத் தொலைடா, அடுத்த வரியைப் படி' என்று எனக்கு உள்ளுக்குள் கத்தல். அவன் அசையவில்லை. அந்த மௌனம் வளர வளர தோச்செவ்வின் கையெழுத்தும் அதில் மூழ்கிக்கொண்டிருந்தது. பாவம், அவருக்கு அந்த இடைவெளியை அடைத்தாக வேண்டும், எதைப் போட்டாவது. தாளை வெடுக்கென்று பிடுங்கி அடுத்த வரியை அவரே சத்தமாகப் படித்தார்.

"என்று சொன்னவன் யார்?"

பதற்றத்தில் அவருக்குப் பழைய வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. ஜன்னலை உடைச்சது யாருடா என்ற அதே குரல். அவர் படித்தது கவிதை வரி. அறையில் விழுந்தது கேள்வி.

லூபென் நிமிர்ந்தான்.

"நான்" என்றான்.

திக்கவில்லை. ஒரு 'ந' கூட அதிகமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அவன் தொண்டையில் சிக்கிக் கிடந்த சொல் சுத்தமாக, முழுசாக வெளியே வந்து விழுந்தது. "அவங்களை நிக்கச் சொன்னதும் நான்" என்று என்னைக் காட்டினான். அதுவும் திக்கவில்லை.

தோச்செவ் நாற்காலியில் சரிந்தார். மாவட்டத்துக்காரர் எழுதத் தொடங்கினார். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். இவனைக் கொண்டுபோய்விடுவார்களே என்று நெஞ்சு பதறிக்கொண்டிருக்கிறபோதே, மேசைக்கு அடியில் இருந்த என் கைகள் மேலே வந்தன. தட்டினேன். நான் ஒருத்திதான். அந்தச் சின்ன அறையில் கன்னத்தில் அறைகிற மாதிரி கேட்டது. மாவட்டத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நிறுத்தலாம்தான். நிறுத்த வரவில்லை. மண்டபத்தில் தூணருகே இருந்தவனும் இப்படித்தான் தட்டியிருப்பான், படுபாவி. அவன் காதைத் திருகுகிற எண்ணத்தை அன்றைக்கு விட்டுவிட்டேன்.

"இருமல் இப்ப சரியாப் போச்சா?" என்று கேட்டார் மாவட்டத்துக்காரர், அதே மரியாதையோடு. எழுதின காகிதத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் இரண்டு பேரையும் ஒரே லாரியில் டொப்ருஜாவுக்கு ஏற்றினார்கள். தோச்செவ் வழியனுப்ப வரவில்லை. அவருக்கு வேலையும் போய்விட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பத்திரிகையில் கவிதை ஒட்டியும் வரவில்லை, ஒட்டாமலும் வரவில்லை. பாலம் தாண்டியதும் வெள்ளையடித்த மரங்கள் முடிந்து வயல் தொடங்கியது. லூபென் பெட்டி மேல் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் செர்ரிக் கறை இன்னும் போகவில்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அழுதால் அவன் பயந்துவிடுவான். அதனால் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. யாருக்குடா பசிக்குது இங்க?" என்று கேட்டேன்.

அவன் வாயைத் திறந்தான். "ந..." என்று ஆரம்பித்தான். "ந... ந..." முகம் சிவந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"லூ-லூபெனுக்குப் பசிக்குது" என்றான்.